அனோடைசிங் நிறம் பீஸுக்குப் பீஸ் ஏன் மாறுகிறது, டிராயிங்கில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி இது: கோவையில் சிஎன்சி ஜாப் ஒர்க் செய்கிறோம். 6061 அலுமினியத்தில் 60 × 40 × 12 மில்லிமீட்டர் பிளாக் 200 பீஸ் செய்து சிவப்பு அனோடைசிங்குக்கு வெளியே கொடுத்தோம். வந்ததில் சில அடர் சிவப்பு, சில ரோஸ் மாதிரி. எம்3 மரையில் கோ கேஜ் (மரை அளவு சரியா என்று பார்க்கிற கருவி) இறங்க மறுக்கிறது. அடி மூடிய துளைகளைச் சுற்றி வெளிறிய வளையம். கூடவே கொடுத்த ஏடிசி12 காஸ்டிங் மூடி கறுப்பாக வராமல் சாம்பலாக வந்தது. போன லாட் வெயிலில் வெளுத்துவிட்டது என்று கஸ்டமர் வேறு சொல்கிறார். தப்பு யாருடையது, அடுத்த தடவை என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

பதில்:

பாதித் தப்பு அனோடைசிங் டேங்கில் நடந்திருக்கும். மீதிப் பாதி, பார்ட் உங்கள் ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகிவிட்டது. பெயிண்ட் அடித்தாலோ பவுடர் கோட்டிங் போட்டாலோ அடியில் எந்த உலோகம் இருந்தாலும் மூடிவிடும். அனோடைசிங்கில் மேலே எதுவும் வந்து ஒட்டுவதில்லை. அந்த அலுமினியமே ஆக்சைடு படலமாக மாறுகிறது. அதனால் உலோகத்தில் இருக்கிற கலப்பு, கோடு, கறை எல்லாம் படலத்திலும் தெரியும்.

சல்ப்யூரிக் டேங்கில் பார்ட்டை பாசிட்டிவ் முனையில் மாட்டி, லிட்டருக்கு 165 முதல் 200 கிராம் அமிலம், 18 முதல் 22 டிகிரி, 12 முதல் 18 வோல்ட் என்று ஓட்டுவார்கள். அப்போது வளரும் படலம் தேன்கூடு மாதிரி இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரம் கோடிக்கு மேல் நுண்துளைகள். சாயம் அந்தத் துளைகளுக்குள் இறங்கித்தான் நிறம் வருகிறது. கடைசியில் சீலிங் செய்து துளைகளின் வாயை மூடுகிறார்கள். ஆகவே எவ்வளவு அடர் சிவப்பு என்பது, சாயம் தங்குவதற்கு எத்தனை ஆழமான துளை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. படலம் 6 மைக்ரான் என்றால் ரோஸ், 16 மைக்ரான் என்றால் ரத்தச் சிவப்பு. ஒரே சாயம், ஒரே டேங்க், ஒரே நேரம்தான்.

(டைட்டானியத்தில் கதை வேறு. அங்கே சாயமே கிடையாது. வோல்ட்டை ஏற்றி இறக்கினால் படலத்தின் கனம் மாறி, அதில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தில் நீலமும் தங்கமும் பச்சையும் தெரியும். 'வோல்ட்டைக் கூட்டினால் கலர் ஏறும்' என்று அலுமினியத்துக்கும் சிலர் சொல்வது அங்கிருந்து வந்த குழப்பம்.)

உங்கள் பிளாக்கையே எடுத்துக் கணக்குப் போடலாம். 60 × 40 × 12 என்றால் ஆறு முகமும் சேர்த்து 7,200 சதுர மில்லிமீட்டர், அதாவது 0.72 சதுர டெசிமீட்டர். ஒரு லோடில் 50 பீஸ் மாட்டினால் 36 சதுர டெசிமீட்டர். சதுர டெசிமீட்டருக்கு 1.5 ஆம்பியர் வைத்தால் 54 ஆம்பியர் போக வேண்டும். சதுர டெசிமீட்டருக்கு ஒரு ஆம்பியர் வீதம் ஓட்டினால் நிமிஷத்துக்கு சுமார் 0.3 மைக்ரான் வளரும் என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கிற கணக்கு. நடைமுறையில் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். அப்படியானால் 18 மைக்ரானுக்கு 40 நிமிஷம். இப்போது பரப்பளவு கணக்கே போடாமல், 15 வோல்ட்டில் செட் பண்ணி அரை மணி ஓட்டி எடுத்தால்? மீட்டரில் 40 ஆம்பியர்தான் காட்டியிருந்தால் டெசிமீட்டருக்கு 1.1, அரை மணியில் 10 மைக்ரான். அடுத்த லோடில் அமிலம் இரண்டு மூன்று டிகிரி சூடாகியிருந்தால் அதே 15 வோல்ட்டில் கரண்ட் கூடிவிடும், ஷேடும் கூடும். 200 பீஸ் நாலு லோடாகப் போயிருக்கும். நாலு ஷேடு வந்ததில் அதிசயம் இல்லை.

பார்ட்டைப் பிடித்துத் தொங்கவிடுகிற ஜிக்கில் அலுமினியம் சேர்ந்திருந்தால் அதன் பரப்பும் கரண்டைச் சாப்பிடும். டைட்டானியம் ஜிக் என்றால் அதன்மேல் உடனே ஒரு மெல்லிய படலம் வந்து நின்றுவிடும், அதற்குமேல் கரண்ட் எடுக்காது.

ஒரே லோடுக்குள்ளேயே ஒரு பீஸ் அடர்த்தி, பக்கத்துப் பீஸ் ரோஸ் என்றால் அது வேறு நோய். காண்டாக்ட் கோளாறு. வெளிறிய பீஸ் ஒன்றை எடுத்து, ஜிக் பிடித்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இறுக்கமாக நின்ற பீஸில் உலோகம் பளிச்சென்று தெரிகிற ஒரு புள்ளி இருக்கும். ஆடிய பீஸில் அந்தப் புள்ளி இழுத்துத் தேய்த்த மாதிரி இருக்கும், அல்லது இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில். நடந்தது இதுதான்: டேங்கில் காற்று ஊதிக் கலக்குகிறார்கள், அலுமினியக் கம்பியில் சுற்றிக் கட்டிய பீஸ் அந்த ஆட்டத்தில் அரை மில்லிமீட்டர் நகர்கிறது. நகர்ந்த இடத்தில் ஏற்கெனவே படலம் வளர்ந்திருக்கும். அந்தப் படலம் கரண்ட் கடத்தாது. அந்த நொடியோடு அந்தப் பீஸுக்குக் கரண்ட் நின்றது. மீதி 25 நிமிஷம் அது அமிலத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, போட்ட படலத்தைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு. படலத்தின் கனத்தை அளக்கிற எட்டி கரண்ட் கேஜ் வைத்தால் ஒன்றில் 15, இன்னொன்றில் 5 மைக்ரான் என்று காட்டும்.

இதற்கு உங்கள் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. ஜிக் எங்கே பிடிக்கலாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால், மார்க் தெரியாத இடமாகத் தேடி நுனியில் லேசாகப் பிடிப்பார்கள். கண்ணில் படாத ஒரு முகத்தையோ ஒரு துளையையோ டிராயிங்கில் காட்டி 'இங்கே மார்க் இருக்கலாம்' என்று எழுதிவிட்டால், அவர்களும் தைரியமாக இறுக்கிப் பிடிப்பார்கள். மார்க்கே இல்லாத அனோடைசிங் கிடையாது. கரண்ட் எங்காவது நுழைந்தாக வேண்டும்.

சாயத் தொட்டியில் நடப்பதும் கவனிக்க வேண்டியது. ஆர்கானிக் சிவப்பு என்றால் லிட்டருக்குச் சில கிராம், 55 முதல் 65 டிகிரி, பிஎச் 5-க்கும் 6-க்கும் நடுவில், 5 முதல் 15 நிமிஷம். கறுப்புக்கு மட்டும் லிட்டருக்கு 10 கிராம் வரை வேண்டும், படலமும் 15 மைக்ரானுக்குக் கீழே இருக்கக் கூடாது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் கறுப்பு ஊதாவாகவோ பழுப்பாகவோ அடித்தால் படலம் பத்தவில்லை என்று அர்த்தம். அமிலத்திலிருந்து எடுத்த பார்ட்டைச் சரியாக அலசாமல் சாயத்தில் முக்கினால் சல்பேட் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் புதுச் சாயம் கொட்டினாலும் நிறம் ஏறாது. அலசி முடித்துக் காய விடவும் கூடாது. ஜிக்கோடு மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் துளைகள் சோம்பிவிடும், சாயம் திட்டுத்திட்டாக ஏறும்.

உலோகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அனோடைசர் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் இதில் தப்பினால் ஒன்றும் செய்ய முடியாது. நிறத்துக்கு நல்லது 6063, 6061, 6082, 5052. கடையில் எச்இ9 என்றால் 6063, எச்இ30 என்றால் 6082, எச்இ20 என்றால் 6061. எச்இ15 என்று விற்பது 2014, அதில் 4 சதவீதத்துக்கு மேல் செம்பு இருக்கிறது. செம்பு கூடினால் படலம் மெலிந்து மென்மையாக வரும், நிறமும் மங்கல். 7075-ல் படலம் நன்றாகவே வரும், ஆனால் லேசாக மஞ்சள் தட்டும். இளநீலம் கேட்டால் பச்சை அடிக்கிற மாதிரி தோன்றும்.

200 பீஸில் பாதியை ஒரு பாரிலிருந்தும் பாதியை வேறு கடையில் வாங்கிய பிளேட்டிலிருந்தும் வெட்டியிருந்தால், இரண்டும் 6061 என்றே சர்டிபிகேட் இருந்தாலும், ஷேடு வேறாக வரலாம். எக்ஸ்ட்ரூஷனும் (அச்சில் தள்ளி எடுத்த பார்) உருட்டிய பிளேட்டும் ஒரே மாதிரி உள் மணியமைப்பு (கிரெய்ன்) கொண்டவை இல்லை. டெம்பர் (டி6 மாதிரி பதப்படுத்திய நிலை) மாறினாலும் இதே கதி. ஒரு அசெம்பிளியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் போகிற பார்ட்டுகளை ஒரே ஹீட் நம்பரிலிருந்து (ஒரே உருக்கில் வந்த உலோகத்திலிருந்து) வெட்டி, ஒரே லோடில் ஓட்டச் சொல்லுங்கள். வெல்டிங் இருந்தால் 4043 கம்பி வேண்டவே வேண்டாம். அதில் 5 சதவீதம் சிலிக்கான், அனோடைசிங்குக்குப் பிறகு வெல்ட் மட்டும் கரும்சாம்பல் கோடாக நிற்கும். 5356 கம்பி போட்டால் ஓரளவுக்குப் பொருந்தும். வெப்பம் பட்ட ஓரம் அப்போதும் லேசாகத் தெரியத்தான் செய்யும்.

இரும்பு, பித்தளை இன்சர்ட், ஹெலிகாயில் (மரைக்குள் போடுகிற கம்பிச் சுருள்) எதையும் அனோடைசிங்குக்கு முன்னால் அடிக்காதீர்கள். அவை அமிலத்தில் கரையும், பார்ட்டுக்குப் போக வேண்டிய கரண்டைத் திருடும்.

ஏடிசி12 மூடி சாம்பலாக வந்ததற்கும் சிலிக்கான்தான் காரணம். அந்தக் கலவையில் 9.6 முதல் 12 சதவீதம் சிலிக்கான், கூடவே 1.5 முதல் 3.5 சதவீதம் செம்பு. சிலிக்கான் துகள் அனோடைஸ் ஆகாது, படலத்துக்குள் அப்படியே சாம்பல் மணலாக மாட்டிக்கொள்ளும். எல்எம்6-ம் இதே ரகம். அனோடைசரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நிறம் முக்கியம் என்றால் மூடிக்குப் பவுடர் கோட்டிங் அல்லது கறுப்பு எலக்ட்ரோ கோட்டிங் போடுங்கள். காஸ்டிங்தான் வேண்டும், அனோடைசிங்கும்தான் வேண்டும் என்றால் மக்னீசியம் கலந்த எல்எம்5 இருக்கிறது. ஊற்றுவது கஷ்டம், ஃபவுண்ட்ரிக்காரர் முகம் சுளிப்பார். எண்ணிக்கை குறைவு என்றால் மூடியையும் 6061-ல் வெட்டிவிடுவதே மேல்.

கேஜ் இறங்காததற்கு உடனே 'அனோடைசிங் ஏறிவிட்டது' என்று சொல்வார்கள். அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம். சாதாரண சல்ப்யூரிக் படலம் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இறங்கும், ஒரு பங்குதான் வெளியே வளரும். 15 மைக்ரான் போட்டால் ஒரு முகத்துக்கு 5 மைக்ரான் ஏறும். 60 டிகிரி மரையில் பிட்ச் விட்டம் (மரைப் பல்லின் நடு உயரத்தில் எடுக்கிற விட்டம்) அதைப் போல நாலு மடங்கு மாறும், ஆக 20 மைக்ரான் சுருங்கும். எம்3 மரைக்கு 6எச் டாலரன்ஸில் பிட்ச் விட்டம் 2.675-லிருந்து 2.775 வரை, நூறு மைக்ரான் இடம். நடுவில் டேப் செய்திருந்தால் 20 சுருங்கினாலும் கேஜ் போகும். போகவில்லை என்றால் உங்கள் டேப் தேய்ந்து, மரை முதலிலேயே கீழ் எல்லையில் இருந்திருக்கிறது. அல்லது துளைக்குள் சாயமும் அமில உப்பும் காய்ந்து கிடக்கிறது. ஒரு பீஸைச் சூடான டி.எம். (உப்பு நீக்கிய) தண்ணீரில் ஊறவைத்து, ஊதி, மறுபடி கேஜ் போட்டுப் பாருங்கள். எது காரணம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்த லாட்டில் துளையை அடைக்காமல் அனோடைசிங் செய்வதாக இருந்தால், கொஞ்சம் பெரிய மரை வெட்டுகிற 6ஜி டேப் வாங்குங்கள். 0.5 பிட்ச்சுக்கு ஜி நிலை சரியாக 20 மைக்ரான் பெரிசு. உங்கள் 15 மைக்ரான் படலத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். இதெல்லாம் சாதாரண அனோடைசிங்குக்கு. ஹார்டு அனோடைசிங்கில் பாதி உள்ளே, பாதி வெளியே. 50 மைக்ரான் போட்டால் பிட்ச் விட்டம் 100 மைக்ரான் சுருங்கும், எம்3-ல் ஸ்க்ரூவே ஏறாது. அங்கே துளையை மாஸ்க் செய்வது, அதாவது படலம் வராமல் அடைத்து மறைப்பது, ஒன்றுதான் வழி.

பார்ட்டை இடம் மாறாமல் நிறுத்துகிற டவல் பின் துளை இருந்தால் அதற்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். 10 எச்7 என்றால் 10 மில்லிமீட்டர் துளை, பூஜ்யத்திலிருந்து 15 மைக்ரான் கூடுதல் வரை. 15 மைக்ரான் படலத்தில் துளை 10 மைக்ரான் சுருங்கும். ஆனால் அதற்கு முன்னால் காஸ்டிக்கில் எட்சிங் செய்வார்கள். லிட்டருக்கு 50 கிராம், 55 டிகிரி, ஒன்றிலிருந்து ஐந்து நிமிஷம் வரை. அது துளையைப் பெரிசாக்கும், எவ்வளவு என்பது நிமிஷத்தைப் பொறுத்தது. இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அளவு மாறாமலே வருவதும் உண்டு, அடுத்த முறை மாறி வருவதும் உண்டு. காகிதத்தில் அலவன்ஸ் போடுவதைவிட, 5 பீஸை நம்பர் பஞ்ச் அடித்து, போகும் முன்னும் வந்த பின்னும் ஏர் கேஜிலோ போர் கேஜிலோ அளந்து, அந்த வித்தியாசத்தை ரீமர் அளவில் வைப்பதுதான் நம்பகமானது. எட்சிங் நேரத்தையும் அந்த நம்பரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிறிய வளையம், அதாவது அமிலக் கசிவு, பழைய தலைவலி. அடி மூடிய எம்3 துளைக்குள் அமிலம் ஏறி உட்கார்ந்துவிடும். குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுத்தால் அது வெளியே வராது. அறுபது டிகிரி சாயத்தில் இறங்கியதும் சூட்டில் விரிந்து, துளையின் வாயிலிருந்து மெல்ல ஒழுகும். ஒழுகின இடத்தில் சாயம் பிடிக்காது. அதனால்தான் அந்த வளையம் எப்போதும் துளையைச் சுற்றியே இருக்கிறது. ஜிக்கில் பார்ட் எந்தப் பக்கம் தொங்கியதோ அந்தப் பக்கமாக ஒரு கண்ணீர்க் கோடும் இருக்கும். சீலிங்கிலும் தப்பினால் பெட்டியில் வைத்த இரண்டாம் நாள் துளை ஓரத்தில் வெள்ளைப் பொடி பூக்கும்.

இந்தப் பயம் தொழிலின் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1923-ல் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர் கொண்டுவந்த முதல் முறை குரோமிக் அமிலத்தில், கடல் விமானங்களின் டூராலுமின் (செம்பு கலந்த அலுமினியம்) பாகங்களுக்காக. இன்று நாம் ஓட்டுகிற சல்ப்யூரிக் முறைக்கு 1927-ல் கோவர், ஓ'பிரையன் காப்புரிமை வாங்கினார்கள். மலிவு, நிறமும் ஏறும் என்பதால் அதுவே உலகமெங்கும் நின்றது. ஆனாலும் இடுக்கும் மடிப்பும் உள்ள விமானப் பாகங்களுக்கு நெடுங்காலம் குரோமிக்கை விடவில்லை, இடுக்கில் சிக்கிய சல்ப்யூரிக் உள்ளிருந்தே அரித்துவிடும் என்பதால்.

தீர்வு மூன்று இடத்தில் இருக்கிறது. உங்கள் டிசைனில் முடிந்தால் துளையை மறுபக்கம் வரை கொண்டுபோங்கள், அல்லது அடியில் 1 மில்லிமீட்டர் வடிகால் துளை கொடுங்கள். முடியாவிட்டால் சிலிக்கான் ரப்பர் பிளக் அடைக்கச் சொல்லுங்கள். மரையில் படலம் வராது, கசிவும் வராது. மாஸ்கிங் கூலி தனி, பீஸுக்கு நாலு துளை என்றால் 200 பீஸுக்கு 800 பிளக், கையால் அடைத்துக் கையால் எடுக்க வேண்டும், அதைப் பேசிக்கொள்ளுங்கள். டேங்கில் மாட்டும்போது துளை வாய் சாய்வாக மேலே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் காற்றுக் குமிழ் உள்ளே நின்று அந்த இடத்தில் படலமே வராது. வெளியே எடுக்கும்போது ரேக்கைக் கவிழ்த்து வடித்து, துளைக்குள் பீய்ச்சி அலசி, சோடா பைகார்பனேட் கரைசலில் ஒரு முறை முக்கி, மறுபடி அலச வேண்டும். இதைச் செய்கிற ஆளிடமும் செய்யாத ஆளிடமும் ரேட் ஒன்றாக இருக்காது. குறைந்த ரேட்டில் கொடுத்தீர்கள் என்றால் முதலில் காணாமல் போவது இந்த அலசல்தான்.

மெஷினிங் பற்றிச் சில வார்த்தை. அனோடைசிங் கட்டர் கோட்டை மறைக்காது, இன்னும் தூக்கிக் காட்டும். கூலன்ட் காய்ந்த கறை, ஈர அட்டையில் அடுக்கி வைத்ததால் வந்த வெள்ளைத் திட்டு, விரல் ரேகை எல்லாம் எட்சிங்கில் போய்விடும் என்று நம்ப வேண்டாம். மெஷினிலிருந்து எடுத்த அன்றே கழுவிக் காயவைத்து, பீஸுக்குப் பீஸ் உரசாமல் பேக் செய்யுங்கள். மேட் ஃபினிஷ் வேண்டுமென்று கண்ணாடி மணி பிளாஸ்டிங் செய்தால், அந்த மணியில் அதற்கு முன் இரும்பு பார்ட் ஓட்டியிருக்கக் கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, அமிலத்தில் கரைந்து, கறுப்புக் குழியாக நிற்கும். கூர் முனைகளை 0.5 மில்லிமீட்டராவது உருட்டுங்கள். படலம் முகத்துக்குச் செங்குத்தாக வளர்வதால் கூர் முனையில் இரண்டு பக்கமும் பிரிந்து நடுவில் பிளவு விழும், அங்கே சிவப்புக்கு நடுவில் வெள்ளைக் கோடு தெரியும். 50 மைக்ரான் ஹார்டு படலத்துக்கு 1.6 மில்லிமீட்டர் ரேடியஸ் கேட்பார்கள்.

வெயிலில் வெளுத்த சிவப்புக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அந்தச் சாயமே வெயில் தாங்காத ரகம். ஆர்கானிக் சிவப்பு, ஊதா, ரோஸ் எல்லாவற்றிலும் இந்தப் பலவீனம் உண்டு, ரகத்துக்கு ரகம் தாக்குப்பிடிக்கும் காலம் வேறு. சாய உற்பத்தியாளர் தருகிற ஒளித் தாங்கு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். வெளியில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டும் என்றால் ஃபெரிக் அம்மோனியம் ஆக்சலேட் தங்க நிறம், அல்லது வெள்ளீய உப்பில் ஏசி கரண்ட் கொடுத்துப் போடுகிற பிரான்ஸ், கறுப்பு நிறங்கள்தான் நம்பிக்கையானவை. கட்டட ஜன்னல் ஃபிரேம்களில் அந்த நிறங்களையே பார்ப்பதற்குக் காரணமும் அதுதான். சிவப்பை வெயிலில் வைப்பேன் என்கிற கஸ்டமரிடம் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு காரணம் சீலிங். இதில்தான் அதிகம் ஏமாற்றம் நடக்கிறது, ஏனென்றால் சீலிங் ஆனதும் ஆகாததும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கொதிநீர் சீலிங் என்றால் 96 டிகிரிக்கு மேல், டி.எம். தண்ணீரில், மைக்ரானுக்கு 2 முதல் 3 நிமிஷம். 15 மைக்ரானுக்கு அரை மணிக்குக் குறையாது. சாயம் போட்ட பார்ட்டுக்கு நிக்கல் அசிடேட் சேர்த்த சீலிங் இன்னும் நல்லது, சாயம் தண்ணீரில் கசியாமல் பிடித்துக்கொள்ளும். போர் தண்ணீரில் சீல் செய்தால் அதிலுள்ள சிலிகேட்டும் பாஸ்பேட்டும் துளை மூடுவதையே தடுக்கும், வெள்ளை மாவு பூத்த மாதிரியும் வரும். எரிபொருள் செலவைப் பார்த்து 80 டிகிரியில் 10 நிமிஷம் முக்கி எடுத்துவிட்டால் சாயம் கைத் துணியில் ஒட்டும், வெயிலில் சீக்கிரம் போகும்.

பார்ட் வந்ததும் ஐந்து நிமிஷத்தில் இதைச் சோதிக்கலாம். வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து அழுத்தித் தேயுங்கள், துணி சிவக்கக் கூடாது. மறைவான இடத்தில் பர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காய விட்டு, அதே துணியால் துடையுங்கள். சீல் ஆன இடத்தில் கோடு முழுக்கப் போய்விடும், ஆகாத இடத்தில் நிழலாகத் தங்கும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் முகத்தில் லேசாக வைத்தால் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் அங்கே படலமே இல்லை. கனத்துக்கு எட்டி கரண்ட் கேஜ். லாட்டுக்கு 5 பீஸ், பீஸுக்கு நாலு இடம் எடுத்தால் கதை தெரிந்துவிடும். தகராறு என்று வந்தால் அனோடைசிங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1868-ஐக் காட்டிப் பேசலாம். வெளிநாட்டு டிராயிங்கில் அமெரிக்க ராணுவத் தரநிலையான மில்-8625 டைப் 2, கிளாஸ் 2 என்று இருந்தால் சாயம் போட்ட சல்ப்யூரிக் அனோடைசிங் என்று பொருள். டைப் 3 என்றால் ஹார்டு. இதை மாற்றி வாசித்துவிட்டுச் சிவப்பு கேட்டால், ஹார்டு படலமே தானாகக் கரும்சாம்பலாக வருவதால் சிவப்பு அதன்மேல் ரத்தக்கறை மாதிரி இருக்கும். அங்கே கறுப்பு ஒன்றுதான் எடுபடும்.

பர்ச்சேஸ் ஆர்டரில் 'ரெட் அனோடைசிங்' என்று மட்டும் எழுதினால் வருகிற எந்த ரெட்டும் சரிதான், நீங்கள் திருப்பி அனுப்ப முடியாது. உங்கள் பிளாக்குக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'6061-டி6, ஒரே ஹீட். சல்ப்யூரிக் அனோடைசிங், 15 முதல் 20 மைக்ரான். சிவப்பு, கையெழுத்திட்ட இரண்டு மாதிரிகளுக்கு நடுவில். நிக்கல் அசிடேட் சீலிங். அளவுகள் எல்லாம் அனோடைசிங்குக்குப் பிறகு உள்ளவை. எம்3 துளைகள் நாலும் பிளக். ஏ முகத்தில் மட்டும் ஜிக் மார்க் அனுமதி. எர்த்திங் முகம் மாஸ்க். 200 பீஸும் ஒரே நாள், ஒரே சாய டேங்க்.'

இரண்டு மாதிரி என்றது, ஏற்கக்கூடிய அதிக வெளிறல் ஒன்று, அதிக அடர்த்தி ஒன்று. இரண்டிலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு செட் இருட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதிரித் துண்டு பார்ட்டின் உலோகத்திலேயே, பார்ட்டின் மேற்பரப்பு ஃபினிஷிலேயே இருக்க வேண்டும். பளபளக்கிற தகட்டில் காட்டிய சிவப்பு, பிளாஸ்டிங் செய்த பிளாக்கில் வராது. 'அளவுகள் அனோடைசிங்குக்குப் பிறகு' என்ற வரி இல்லாததால் வருகிற சண்டைதான் இந்தத் தொழிலில் நிறைய. அந்த வரி இருந்தால் மெஷினிங் அலவன்ஸ் உங்கள் பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம். எர்த்திங் வரி எதற்கென்றால், படலம் மின்சாரம் கடத்தாது. எலக்ட்ரானிக்ஸ் பெட்டியாக இருந்தால் மாஸ்க் செய்யாத எர்த் ஸ்க்ரூ வெறும் அலங்காரம்.

இப்போது கையில் இருக்கிற 200 பீஸ். ஸ்ட்ரிப் செய்து மறுபடி போடலாம் என்று சொல்வார்கள், அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். சீலிங்குக்கு முன்னால் என்றால் நைட்ரிக்கில் சாயத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி சாயம் ஏற்றலாம், அளவு மாறாது. உங்களுடையது சீல் ஆகிவிட்டது, படலத்தையே கரைக்க வேண்டும். 15 மைக்ரான் படலம் முகத்துக்கு 10 மைக்ரான் உலோகத்தை ஏற்கெனவே தின்றிருக்கிறது. கரைத்ததும், பார்ட்டில் 10 எச்7 துளை இருந்தால், அது 20 மைக்ரான் பெரிசாகி, டாலரன்ஸைத் தாண்டி நிற்கும். காஸ்டிக்கில் ஸ்ட்ரிப் செய்தால் அதற்கு மேலும் போகும். குரோமிக்-பாஸ்பாரிக் கரைசல் உலோகத்தைத் தொடாமல் படலத்தை மட்டும் எடுக்கும், ஆனால் குரோமியக் கழிவை ஒழுங்காகச் சுத்திகரிக்கிற யூனிட்டில் மட்டும் கொடுங்கள். மறு அனோடைசிங்கில் துளை திரும்ப 10 மைக்ரான் சுருங்கும். ஆக நிகரமாக, அசல் அளவைவிட 10 மைக்ரான் அளவுக்குப் பெரிசு என்று வைத்துக்கொண்டு, எந்தெந்தப் பீஸ் அதைத் தாங்கும் என்று பிரியுங்கள்.

முதலில் 200-ஐயும் வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே பரப்பி மூன்று குவியலாக்குங்கள். நல்ல சிவப்பு ஒன்று, ஒரே மாதிரி வெளிறியது ஒன்று, வளையம் விழுந்தது ஒன்று. நடுக் குவியலைத் தனி அசெம்பிளிகளுக்கு ஒதுக்கினால் பக்கத்தில் வேறு ஷேடு இல்லாததால் கஸ்டமர் ஏற்கலாம், கேட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிப்புக்குப் போக வேண்டியது வளையம் விழுந்ததும், கேஜில் 8 மைக்ரானுக்குக் கீழே காட்டுவதும்தான். அதிலும் 5 பீஸ் மட்டும் முதலில் அனுப்பி, துளை அளந்து, பிறகு மீதி.